ஒரு வெற்றிக்கு ஒரு விரற்கடை

சுயம்புக்கனி மிஸ் எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லூரிக்குக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வந்த வருஷம் மைதானத்தில் நட்ட இரும்புப் போஸ்ட், அவருடைய குழு வெளியூரில் ஒரு ஆட்டம் ஜெயிக்கும்போதெல்லாம் ஒரு விரற்கடை வளர்ந்தது. தோற்றால் வளராது, குறையவும் செய்யாது. பதினோரு வருஷம் அப்படி வளர்ந்து, பத்தடியில் இருந்த வளையம் பதினாறடிக்குப் போனது. அளந்தவன் நான் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியும். மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுவது என் வேலையாக இருந்தது. ஏணியும் என் பொறுப்பில்தான் இருந்தது.

மிஸ் எங்கள் கல்லூரிக்கு வரும்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. அதற்கு முன் இருபது வருஷம் பள்ளிக்கூடங்களில் டிரில் டீச்சராக இருந்து, சுதந்திர தினத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும் தலைமையாசிரியர் வரும்வரை அவர்களை வெயிலில் மயங்கி விழாமல் பார்த்துக்கொள்வதுமாகக் காலம் போயிருந்தது. கல்லூரியில் இருந்த பணம் ஒரு போஸ்ட்டுக்குத்தான் போதும் என்று பிரின்சிபால் சொன்னபோது, "ஒரு பக்கம் போடக் கத்துக்கிட்டா மறுபக்கமும் விழும்" என்று சொல்லிவிட்டு, ரயில்வே ஏலத்தில் ஒரு பழைய தண்ணீர்க் குழாயை எடுத்துவந்து, வெல்டிங் பட்டறையில் பலகையையும் வளையத்தையும் பொருத்தி, குழி வெட்டி, தானே கடப்பாரையால் மண்ணை இடித்து நட்டார். பாதி மைதானம், ஒரு போஸ்ட், நாலு பந்து, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மாமாரின் பன்னிரண்டு பிள்ளைகள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

முதல் வெற்றி பக்கத்து ஊரில், இரண்டு பாயின்ட் வித்தியாசத்தில் வந்தது. அந்நேரம் நான் மைதானத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இரும்புக் கட்டிலில் கனத்த ஆள் புரண்டு படுத்ததுபோல ஒரு சத்தம் கேட்டது, நிமிர்ந்து பார்த்தால் போஸ்ட் கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி அப்போது இருந்தாள். "வெயிலுக்கு இரும்பு நீளத்தான் செய்யும், பேசாமச் சாப்பிடுங்க" என்றாள். மறுநாள் ஏணி வைத்து அளந்தேன், ஒரு விரற்கடை கூடியிருந்தது. மூன்றாவது வெற்றிக்குப் பிறகு என் மனைவியே சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும், "இன்னைக்கு வளந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

போஸ்ட் ஏன் வளர்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. பொதுப்பணித்துறை எஞ்சினியர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, அடியில் ஊற்று இருக்கலாம் என்று சொல்லிப் போனார். கோயில் பூசாரி ஒரு முறை வந்து எலுமிச்சம்பழத்தோடு நின்றார்; பயிற்சி நேரத்தில் குறுக்கே நிற்கக் கூடாது என்று மிஸ் சொன்னதும் பழத்தை மிஸ் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார், பிள்ளைகள் அதைச் சர்பத் போட்டுக் குடித்தார்கள். மின்சார வாரியம் ஒரு கம்பியை மாற்றிக் கட்டியது. கல்லூரி ஆண்டறிக்கையில் மாணவிகள் எண்ணிக்கைக்கும் தேர்ச்சி விகிதத்துக்கும் அடுத்து போஸ்ட்டின் உயரம் என்று ஒரு வரி சேர்ந்தது. பந்தயம் நடக்கும் நாட்களில் டீக்கடையில் இருந்தவர்கள் ஏணிப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பார்கள். ஆட்டம் முடிந்து வெளியூரிலிருந்து பிரின்சிபாலுக்குப் போன் வருவதற்குள் ஊர் முழுக்க முடிவு தெரிந்திருக்கும். தபால்காரர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போவார், "ஒரு விரற்கடை, ஒரு விரற்கடை" என்று, தந்தி வாசிப்பவர் மாதிரி.

வளையம் உயர உயர, பிள்ளைகள் உயரமாக எறியப் பழகினார்கள். யாராவது முணுமுணுத்தால், "ரிங் மேல போனா பந்தும் மேல போகணும், அம்புட்டுத்தான" என்பார் மிஸ். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பன்னிரண்டடி, பதின்மூன்றடி, பதினாலடி என்று எறிந்து பழகிய பிள்ளைகள் வெளியூருக்குப் போய்ப் பத்தடி வளையத்தைப் பார்த்தால், உரலில் நெல் போடுவதுபோலப் போட்டுவிட்டு வந்தார்கள். ஜெயித்தார்கள், அதனால் போஸ்ட் வளர்ந்தது; போஸ்ட் வளர்ந்தது, அதனால் ஜெயித்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் படிப்பு முடித்துப் போக, புதுப் பிள்ளைகள் வர, கோப்பைகள் பிரின்சிபால் அறை அலமாரி நிறைந்து, அலமாரி மேல் நிறைந்து, பிறகு நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து அங்கேயும் நிறைந்தன.

ஆனால் ஊரில் ஒருவரும் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஒரு போஸ்ட் உள்ள கல்லூரியில், அதுவும் பன்னிரண்டடிக்கு மேல் போய்விட்ட போஸ்ட்டில், யார் வந்து ஆடுவார்கள்? அம்மாமார் வெளியூர் போக லீவு கிடையாது. தன் மகள் ஜெயித்தாள் என்பது அவர்களுக்கு ஒரு விரற்கடை, அவ்வளவுதான். சில பேர் ஷிஃப்ட் முடிந்து போகும் வழியில் மைதானத்தில் நின்று, போஸ்ட்டின் அடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள், அடியில் ஒன்றும் தெரியாது என்றாலும்.

மிஸ்ஸுக்கு அது உறுத்தியிருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது, அந்த வருஷத்துப் பல்கலைக்கழக இறுதி ஆட்டத்தை எங்கள் கல்லூரியில் நடத்தச் சொல்லி எழுதிப் போட்டார். பதில் வந்தது. நடத்தலாம், ஆனால் இரண்டு போஸ்ட் வேண்டும், வளையம் தரையிலிருந்து சரியாகப் பத்தடியில் இருக்க வேண்டும், கமிட்டியிலிருந்து ஆள் வந்து டேப் வைத்து அளப்பார், ஒரு விரற்கடை கூடினாலும் ஆட்டம் எதிரணியின் ஊருக்குப் போய்விடும். எதிரணி நகரத்துக் கல்லூரி. அவர்களுக்குச் சிமெண்ட்டுத் தரையும் மேலே கூரையும் இருந்தன.

கடிதத்தை மடித்துக்கொண்டே மிஸ் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக ஓடுறத ஒரு தடவையாவது இந்த ஊர் பாக்கணும். பாக்காம நான் பென்ஷன் வாங்கிட்டுப் போனா, பதினோரு வருஷமும் யார்ட்டயோ கதை சொல்லிட்டுப் போன மாதிரி இருக்கும்."

அப்போது போஸ்ட் தொண்ணூற்றாறு வெற்றி உயரத்தில், சரியாகப் பதினாறடியில் இருந்தது. பலகையைக் கீழே இறக்கிப் பூட்டிப் பார்த்தோம். கடைசி போல்ட்டை முடுக்கி முடிப்பதற்குள் அது பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. மிஸ் யோசித்து, இரண்டு போஸ்ட்டையும் வாடகைக்கு எடுத்து மைதானத்தின் அந்தக் கோடியில் நட்டு ஆடிவிடலாம் என்று முடிவு செய்தார். சரியான முடிவு அதுதான். ஊர்க்காரர்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

கூட்டம் கல்லூரி வாசலிலேயே நடந்தது. முன்னால் நின்றவள் வெள்ளத்தாய். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள்; அவள் மகள் சீனித்தாய் குழுவில் பன்னிரண்டாவது ஆள்.

"நம்ம போஸ்ட்ட ஓரமா நிறுத்திட்டு, வாடகைக்கு வந்தத நடுவுல நட்டு ஆடுவீகளா மிஸ்? வளத்த பிள்ளைய வாசல்ல நிறுத்திட்டு உள்ள கல்யாணம் நடத்துற மாதிரில்ல இருக்கு?"

"பதினாறடி இருக்கேம்மா. வெட்டச் சொல்றியா?"

"வளருதத வெட்டலாமா? வாயக் கழுவுங்க."

"பெறகு என்னதான் செய்ய?"

"போஸ்ட்டு இறங்காதுன்னா தரை ஏறட்டும்" என்றாள் வெள்ளத்தாய், சாதத்தில் உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்கிற மாதிரி. "கண்மாயி வத்திக் கெடக்கு. கரம்ப மண்ணு எம்புட்டு வேணும்?"

மாவு மில் அரிராமர் மட்டும், "ஏ மதினி, ஜெயிச்சா மறுபடியும் வளந்துருமே. அப்ப மறுபடியும் மண்ணு சுமக்கணும். தோத்தாத்தான் நமக்கு லாபம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுநாள் கூடையோடு வந்தார்கள்.

கண்மாயில் மராமத்து நடக்கும்போது வீட்டுக்கு ஒரு ஆள் போவது எங்கள் ஊர் வழக்கம். அந்த வழக்கத்திலேயே இதுவும் நடந்தது. கீழே சரள், அதன்மேல் கரம்பை, அதன்மேல் செம்மண் என்று போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, மறுபடி போட்டு, ஓரங்களில் கல் அடுக்கிக் கட்டினார்கள். டிராக்டர் வைத்திருந்தவர்கள் டிராக்டரில் கொண்டுவந்தார்கள், மாட்டுவண்டி வைத்திருந்தவர்கள் வண்டியில், மற்றவர்கள் தலையில். காலை ஷிஃப்ட் போகிறவர்கள் சாயங்காலமும், சாயங்கால ஷிஃப்ட் போகிறவர்கள் காலையிலும் சுமந்தார்கள். கல்லூரிப் பேராசிரியர்கள் தங்கள் பாடம் இல்லாத நேரத்தில் சுமந்தார்கள்; பொருளாதாரப் பேராசிரியர் எத்தனை கூடை என்று கணக்கிட முயன்று, நடுவில் தன் கூடையையே எண்ண மறந்துபோனார். நாற்பது நாளில் மைதானம் ஆறடி உயர்ந்தது. வேலை முடிந்தது ஆட்டத்துக்கு முந்தின நாள்தான்; அதுவரை பிள்ளைகளுக்கு ரோட்டில் ஓட்டப் பயிற்சி மட்டும். ஏறிப்போகப் படிக்கட்டு வைத்தோம். மேலே நின்று பார்த்தால் கண்மாயும், தண்டவாளமும், ஆபீஸ் கூரைகளும் தெரிந்தன. எதிர்ப்பக்கத்தில் வாடகைப் போஸ்ட் வந்து நின்றது. கமிட்டிக்காரர் ஒல்லியான மனிதர், குடையோடு வந்தார். டேப் வைத்து இரண்டையும் அளந்தார். பத்தடி, பத்தடி. குடையை மடக்கிக்கொண்டு, "இப்படி ஒரு மைதானத்த நான் பார்த்ததில்ல, ஆனா விதியில தரை எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டத்தன்று ஆபீஸ்களுக்கு மத்தியானத்துக்கு மேல் விடுமுறை விட்டார்கள். ஊர் மொத்தமும் மைதானத்தைச் சுற்றிக் கீழே நின்றது. மேலே ஆடுகிறவர்களைத் தேர் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தது. முதல் பாதியில் எங்கள் பிள்ளைகள் வாடகைப் போஸ்ட்டில் போட வேண்டும். போட்டார்கள். காப்டன் மரகதவல்லி நடுவில் நின்று திரும்பிப் பார்க்காமல் போட்டாள், ஓடிக்கொண்டே போட்டாள். ஒவ்வொரு பந்து விழும்போதும் யார் பிள்ளை போட்டது என்று கீழே விசாரணை நடந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது முப்பத்துநாலுக்குப் பதினெட்டு.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறினார்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் போட வேண்டியது எங்கள் போஸ்ட்டில்.

மரகதவல்லி எறிந்த முதல் பந்து பலகைக்கு மேலே ஆறடி உயரத்தில் பறந்து, மைதானத்தைத் தாண்டி, கீழே வெற்றிலைக் கடைக்காரர் மடியில் விழுந்தது. அடுத்தவள் எறிந்தது தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாம் அப்படியே. எத்தனையோ ஊரில் எத்தனையோ வளையத்தில் சரியாகப் போட்ட கைகள்தான். ஆனால் அந்தப் போஸ்ட்டை அந்தக் கைகளுக்குப் பதினாறடியாகத்தான் தெரியும். கண் பத்தடி என்று சொன்னாலும் கை கேட்கவில்லை. ஊரார் ஒவ்வொரு பந்தையும் தேடி எடுத்து மேலே தூக்கிப் போட்டார்கள். முதலில் கை தட்டித் தூக்கிப் போட்டார்கள், பிறகு சும்மா தூக்கிப் போட்டார்கள்.

நகரத்துப் பிள்ளைகள் நிதானமாக ஏறி வந்தார்கள். இருபது, இருபத்தாறு, முப்பத்தொன்று. முப்பத்தைந்து ஆனபோதும் நாங்கள் முப்பத்துநாலில்தான் நின்றோம். மிஸ் டைம் அவுட் கேட்டார்.

பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். "மிஸ், கிட்டக்க போயிப் போட்டாலும் மேல போகுது மிஸ்" என்றாள் மரகதவல்லி. "நெனச்சு நெனச்சுக் கீழ போடுறேன், போகுது."

மிஸ் போஸ்ட்டைப் பார்த்தார். பிறகு கீழே ஊரைப் பார்த்தார். வாடகைக்கு இரண்டு போஸ்ட் நட்டிருந்தால் இந்நேரம் ஆட்டம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்தாரோ என்னவோ, ஆனால் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அப்போது கீழேயிருந்து வெள்ளத்தாயின் குரல் வந்தது.

"மிஸ்! எம்பொண்ணு எறிஞ்சா எட்டாது, ஆறடி கீழயே நின்னுரும்னு மூணு வருசமாச் சொல்லுவீகளே!"

"ஏம்மா, இப்ப என்ன அதுக்கு?"

"அந்தக் கீழதான மிஸ் இப்ப ரிங்கு இருக்கு!"

சீனித்தாய் பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்தில் எங்கள் போஸ்ட்டில் அவள் ஒரு பந்துகூடப் போட்டதில்லை; எப்படி எறிந்தாலும் பத்தடி உயரத்தில் அது சோர்ந்து திரும்பிவிடும். எங்கள் போஸ்ட்டில் போடாதவளை வெளியூரில் இறக்குவதில்லை என்பது மிஸ் வைத்த விதி. ஓட்டப்பந்தயத்துக்குப் போய்விடு என்று மிஸ் அவளிடம் மூன்று தடவை சொல்லி, மூன்று தடவையும் மறுநாள் காலையில் அவள் எல்லாருக்கும் முன்னால் மைதானத்தில் வந்து நின்றிருக்கிறாள்.

மிஸ் அவள் முன்னால் போய்க் குனிந்தார். "ஏட்டி, நான் தப்பாச் சொல்லிட்டேன். ஒனக்கு எட்டலன்னு சொன்னேன். இறங்கு."

"எப்படி மிஸ் எறிய?"

"எப்பவும் எறியுற மாதிரியே எறி. ஒண்ணும் மாத்தாத. மத்தவளுக எல்லாம் பந்த இவகிட்டக் குடுங்க, ஒருத்தியும் எறியக் கூடாது."

சீனித்தாய் மார்புக்கு நேராகப் பந்தை வைத்து, இரண்டு கையாலும், முழங்காலை மடக்கி எறிந்தாள். மூன்று வருஷமாக வெறும் காற்றில் வந்து நின்று திரும்பிய இடத்துக்கு அது போனது. அங்கே இப்போது வளையம் இருந்தது. உள்ளே விழுந்தது. கீழே யாரும் கத்தவில்லை, பலகைக்கு மேலே போகும் என்று எல்லாரும் கையை ஏந்திக்கொண்டு நின்றதால். இரண்டாவது விழுந்தபோதுதான் கத்தினார்கள். நகரத்துப் பிள்ளைகளும் போட்டார்கள், முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. சீனித்தாய் மூன்றாவது போட்டாள். இரண்டு பேர் அவளை மறித்து நின்றார்கள். பந்து மரகதவல்லியிடம் போய், மரகதவல்லி எறிவதுபோலக் கையைத் தூக்க, மறித்தவர்கள் அவளிடம் ஓட, பந்து திரும்பி வந்து நாலாவதும் விழுந்தது. நாற்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று. கடைசிப் பந்து அவர்கள் கையிலிருந்து கிளம்பி, வாடகைப் போஸ்ட்டின் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. விசில் ஊதியது.

ஊர் கத்தியது. அந்தக் கத்தலுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் கேட்டது, இரும்புக் கட்டிலில் யாரோ புரண்டு படுத்ததுபோல. கத்தல் நின்றது. அத்தனை பேரும் பார்க்க, எங்கள் போஸ்ட் ஒரு விரற்கடை ஏறியது. பதினோரு வருஷத்தில் என்னைத் தவிர யாரும் அதை நேரில் பார்த்ததில்லை.

கமிட்டிக்காரர் குடையை இடுக்கிக்கொண்டு வந்து டேப் பிடித்தார். வருத்தமாகத்தான் சொன்னார்: "கோப்பை உங்களுக்குத்தான் மேடம், அதுல ஒண்ணுமில்ல. ஆனா இனிமே இங்க ஆட்டம் நடத்த முடியாதே. ஒரு விரற்கடை கூடிருச்சே."

வெள்ளத்தாய் மேலே ஏறி வந்திருந்தாள். மகளின் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"ஒரு விரற்கடதான? ஆளுக்கு ஒரு கூடை மண்ணு. கூடையெல்லாம் எங்க கெடக்கு, எடுங்களா."

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வந்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு கூடை எடுத்தார்கள். கண்மாய்க்கும் மைதானத்துக்கும் இடையில் வரிசை நீண்டது. அரிராமரும் கூடையோடு வரிசையில் நின்றார். நகரத்துப் பிள்ளைகள் பஸ் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று அவர்களும் நாலைந்து கூடை போட்டார்கள். மண்ணை நிரவி, தண்ணீர் தெளித்து, நான் உருளை இழுத்தேன். கமிட்டிக்காரர் மறுபடி டேப் வைத்தார். பத்தடி என்றார். வாடகைப் போஸ்ட்டை ஒரு விரற்கடை தூக்கி நட வேண்டும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்தார்கள்.

யாரும் கை தட்டவில்லை. பெண்கள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே படியிறங்கத் தொடங்கினார்கள். மரகதவல்லியின் அம்மா பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"அடுத்த ஆட்டம் எப்ப மிஸ்? முன்னாலயே சொன்னீகன்னா ஷிஃப்ட்ட மாத்திக்கிடுவோம்."

மிஸ் கமிட்டிக்காரர் கையிலிருந்த அடுத்த வருஷ அட்டவணையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, விரலை வைத்து, மேலிருந்து கீழே வந்தார்.

"ஜனவரி இருபத்தொண்ணு" என்றார். "ஞாயித்துக்கிழம."

அன்றைக்கு மிஸ் இந்தக் கல்லூரியில் இருக்க மாட்டார் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமன்னா லீவே கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.